‘ஆக்சஸ் எடுத்துடுங்க’

போன வருடம் ஜூன் மாதம் ஒரு ராத்திரி, மணி 11.45 இருக்கும். மழை தூற ஆரம்பித்ததால் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபாக்டரியிலிருந்து போன். எடைமேடையில் இருக்கும் தம்பி.

"அக்கா, லாகின் ஆக மாட்டேங்குது. சித்தூர் லோடு 14 லாரி நிக்குது. டிரைவருங்க எல்லாம் ரூமுக்குள்ளயே வந்துட்டாங்க."

பின்னால் யாரோ தெலுங்கில் சத்தம் போடுவது கேட்டது. துணியை அப்படியே வாசற்படியில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். சர்வரில் அந்தத் தம்பியின் லாகின் இருக்கிறது. பெயர் சரி. பாஸ்வேர்டு புதிதாக இருந்தது. உருவாக்கிய நேரம்: இன்று ராத்திரி 11.20. என் கை சில்லிட்டுப் போனது அப்போதுதான். அந்தத் தம்பி மூன்று சீசனாக எங்களிடம் வேலை பார்ப்பவன். அவன் லாகின் எப்படி இன்று பிறந்திருக்கும்?

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே ஒரு மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ‘எல்லாம்’ என்றால் சர்வரும் உண்டு, பிரிண்டரில் சிக்கிய பேப்பரும் உண்டு. மற்ற மாதங்களில் ஆலை கிட்டத்தட்டத் தூங்கும். மே பிறந்தால் ஜூலை கடைசி வரை மூன்று ஷிப்ட். பெங்களூரா மாம்பழம் லோடு லோடாக வரும், நடுவே அல்போன்சா. கேட்டில் டோக்கன் போட ஆள், எடைமேடையில் ஆள், லேபில் பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) பார்க்க ஆள், குளிர் அறைக்கு ஆள், டிரம் அனுப்பும் இடத்தில் ஆள் என்று நூற்றுக்கும் மேல் தற்காலிக லாகின்கள். இன்றைக்கு லேபில் இருப்பவர் நாளைக்கு எடைமேடைக்குப் போவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என் வாட்ஸப்பில் ஒரு மெசேஜ். ஒரு நாளைக்கு 40, 50 வரும். அதனால்தான் அந்த வருடம் ஏப்ரலில் இந்த ஏஜென்ட்டை உட்கார்ந்து கட்டினேன்.

ஏஜென்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மொழி மாடல், அதாவது நாம் எழுதுவதைப் படித்துப் புரிந்து பதில் சொல்லும் ஏஐ. அதன் கையில் நான் கொடுத்த சில டூல்கள்: லாகின் உருவாக்கு, குழுவில் சேர், குழுவிலிருந்து எடு, யாருக்கு என்ன இருக்கிறது என்று பார். குழு என்றால், ஒரே மாதிரி அனுமதி வேண்டியவர்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற முறை வந்த பிறகு இப்படி டூல்களைக் கோத்துக் கொடுப்பது சுலபமாகிவிட்டது. மாடலுக்குப் போய்ச் சேர்வது மூன்று விஷயம்: டூலின் பெயர், அது எதற்கு என்று நாம் எழுதும் விவரிப்பு, என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். உள்ளே நான் எழுதிய கோடு (நிரல்) அதன் கண்ணில் படாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏப்ரலில் நான் கோடுக்கு மூன்று வாரம் செலவழித்தேன், விவரிப்புகளை ஒரே மதியத்தில், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே தட்டி முடித்தேன்.

அன்று நடந்தது இது. முந்தைய வாரம் லேபில் ஆள் குறைவு என்று எடைமேடைத் தம்பியை இரண்டு நாள் அங்கே போட்டிருந்தார்கள். அதற்காக லேப் ஃபோல்டருக்கு அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தோம். வேலை முடிந்ததும் லேப் மேடம் பொறுப்பாக மெசேஜ் போட்டிருக்கிறார்: "அந்தத் தம்பி ஆக்சஸ் எடுத்துடுங்க, இனிமே லேபுக்கு வரமாட்டான்." ஏஜென்ட்டிடம் இரண்டு டூல்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ரிமூவ் ஆக்சஸ். விவரிப்பு: "பயனரின் ஆக்சஸை நீக்கும்." இன்னொன்று ரிவோக் பர்மிஷன். விவரிப்பு: "பயனரின் பர்மிஷனைத் திரும்பப் பெறும்."

எது என்ன செய்யும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? எழுதிய எனக்கே இரண்டு மாதத்தில் மறந்திருந்தது. முதலாவது லாகினையே அழிக்கும். இரண்டாவது ஒரு குழுவிலிருந்து மட்டும் எடுக்கும். மேடம் சொன்ன வார்த்தை ஆக்சஸ். டூலின் பெயரிலும் ஆக்சஸ். ஏஜென்ட் முதலாவதை எடுத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அழித்ததோடு நிற்கவில்லை. ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசர் "லாகின் காணோம், போட்டுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் அதே பெயரில் புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுத்து, "சரிசெய்துவிட்டேன்" என்றும் சொல்லிவிட்டது. விண்டோஸ் சர்வரைத் தொட்டவர்களுக்கு இந்த வலி தெரியும். லாகின்களையும் குழுக்களையும் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு லாகினின் அடையாளம் அதன் பெயரில் இல்லை. உள்ளே எஸ்ஐடி என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அனுமதி எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான் எழுதப்பட்டிருக்கும். லாகினை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்று உருவாக்கினால் எண் வேறாகிவிடும். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஆனால் சொத்தில் பங்கு இல்லாத ஆள். எடைமேடை மென்பொருள் வைத்திருக்கும் ஃபோல்டர் அவனை யாரென்றே கேட்கவில்லை, வெளியே தள்ளிவிட்டது.

அழித்ததை மீட்க ரீசைக்கிள் பின் வசதி விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் அது தானாக ஓடாது, நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். இயக்கி வைத்திருக்க வேண்டியவள் யார் என்று கேட்காதீர்கள்.

12.30-க்கு ஸ்கூட்டியில் மழையில் கிளம்பினேன். நேரில் போக வேண்டிய அவசியம் இல்லைதான், ஆனால் 14 டிரைவர்கள் நடுவே அந்தத் தம்பியைத் தனியாக விட மனசில்லை. எல்லாவற்றையும் திரும்பப் போட்டு முதல் லாரி எடைமேடையில் ஏறும்போது மணி 2.10.

மறுநாள் காலை கேட்டில் டீ குடிக்கும்போது எங்கள் பெரியவரிடம் புலம்பினேன். 19 வருடமாக அந்த கேட்டில் இருப்பவர். அவரிடம் அட்டை கிழிந்த ஒரு நோட்டு உண்டு. அதில் முதல் பக்கத்தில் யாரோ பழைய மேனேஜர் எழுதிய வரி: "மேனேஜர் சொன்னால் விடவும்." அவ்வளவுதான். பெரியவருக்கு அந்த வரி போதும். எங்களிடம் எத்தனை மேனேஜர், எந்த மேனேஜர் எந்த லாரிக்குச் சொல்லலாம், யார் சொன்னாலும் ராத்திரி 10-க்கு மேல் எந்தப் பக்கக் கதவைத் திறக்கக் கூடாது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் பேத்தி கல்யாணத்துக்கு லீவு போட்ட நான்கு நாள், ஏஜென்சியிலிருந்து ஒரு புது ஆள் வந்தார். அதே நோட்டு, அதே வரி. "மேனேஜர் சொல்லிட்டாருங்க" என்று சொன்னவர்களை எல்லாம் உள்ளே விட்டார். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் உள்பட.

"அவரு மேல தப்பு இல்லம்மா, நோட்டுல அப்படித்தான எழுதியிருக்கு" என்றார் பெரியவர்.

நான் ஏப்ரலில் எழுதியது எல்லாம் அந்த நோட்டு வரிதான். எனக்கு நானே எழுதிக்கொண்ட ஞாபகக் குறிப்பு. என் தலைக்குள் மிச்சம் இருந்ததால் எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஏஜென்ட்டோ ஒவ்வொரு மெசேஜுக்கும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஏஜென்சி ஆள் மாதிரி. நேற்று நடந்தது நினைவில் இருக்காது. பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்து "அண்ணா, இதுக்கு எதை அழுத்தணும்" என்று கேட்கவும் முடியாது.

சரி, உட்கார்ந்து திருத்தினேன். முதலில் பெயர்கள். ரிமூவ் ஆக்சஸ் என்ற டூலையே தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் லாகினை நிறுத்தி வைக்கும் டூல் ஒன்று, ஒரு குழுவிலிருந்து மட்டும் எடுக்கும் டூல் ஒன்று. பெயரைப் படித்த உடனேயே எதைத் தொடும் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒன்றின் பெயரில் லாகின் என்றும் மற்றதில் குரூப் என்றும் வரும்படி வைத்தேன். ஆக்சஸ் என்ற வார்த்தையை எந்த டூலின் பெயரிலும் வைப்பதில்லை என்று முடிவு. ஊரே அந்த வார்த்தையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறது. அதை டூலுக்கு வைத்தால் எல்லாக் கோரிக்கையும் அந்த டூலில்தான் போய் விழும்.

அப்புறம் விவரிப்பு. குழுவிலிருந்து எடுக்கும் டூலுக்கு இப்போது இருப்பது கிட்டத்தட்ட இப்படி (அசல் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் சொல்கிறேன்):

"ஒரு பணியாளரை ஒரே ஒரு குழுவிலிருந்து எடுக்கும். லாகின் அப்படியே இருக்கும், மற்றக் குழுக்களில் உள்ள அனுமதிகளும் இருக்கும். ஒருவர் வேறு பிரிவுக்கு மாறும்போதும், தற்காலிகமாகக் கொடுத்த அனுமதி முடியும்போதும் இதைப் பயன்படுத்தவும். அவர் வேலையை விட்டே போகிறார் என்றால் இது போதாது, லாகினை நிறுத்தும் டூலைப் பார்க்கவும். எந்தக் குழு என்று கோரிக்கையில் தெளிவாக இல்லையென்றால், முதலில் அவருக்கு இப்போது என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கேட்டவரிடமே கேட்கவும், ஊகிக்க வேண்டாம். அவர் லாக்அவுட் செய்து மறுபடி லாகின் ஆகும் வரை பழைய அனுமதி ஓடிக்கொண்டிருக்கலாம். திரும்பச் சேர்க்க, குழுவில் சேர்க்கும் டூல் உண்டு."

இதில் முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள். எனக்கு வேலை வைத்தது இரண்டாவது வரிதான்: எதைத் தொடாது என்பது. அதை எழுத உட்கார்ந்தபோதுதான், என் கோடு லாகினைத் தொடுகிறதா இல்லையா என்று எனக்கே ஒரு இடத்தில் உறுதியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தேன். போய்ப் பார்த்தால், ஒருவரைக் கடைசிக் குழுவிலிருந்து எடுத்தால் லாகினையும் சேர்த்து நிறுத்திவிடும் ஒரு வரி நானே எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு எழுதினேனோ, அந்தச் சித்திரை வெயிலுக்கே வெளிச்சம்.

லாக்அவுட் பற்றிய வரிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. விண்டோஸில் ஒருவரைப் புதுக் குழுவில் சேர்த்தால், அவர் அடுத்த முறை லாகின் ஆகும்போதுதான் அது அவர் கையில் சேரும். லாகின் ஆகும் நொடியில்தான் அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்ற பட்டியல் எழுதப்படுகிறது. இது ஏஜென்ட்டுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் எழுதவில்லை. டிரம் அனுப்பும் இடத்தில் ஒரு அண்ணன் ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டார். ஏஜென்ட் கொடுத்தது. அவர் "இன்னும் வரல" என்றார். ஏஜென்ட் அடுத்த பெரிய குழுவில் சேர்த்தது. "இன்னும் வரல." அதற்கும் மேல் ஒரு குழு. சாப்பிடப் போய் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவருக்கு எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டது. பத்திரங்களைப் பார்க்க வந்தவர் விலைப்பட்டியலைத் திருத்தும் உரிமையோடு உட்கார்ந்திருந்தார். நல்லவர். அவரே போன் பண்ணி, "ஏம்மா, எனக்கு எதுக்கு இவ்ளோ தெரியுது?" என்று கேட்டார்.

எனக்கு எடைமேடைச் சம்பவத்தைவிட இதுதான் பயம் தந்தது. லாகின் அழிந்தால் 14 லாரி டிரைவர்கள் கத்துவார்கள், உடனே தெரிந்துவிடும். கூடுதலாகக் கொடுத்த அனுமதிக்கு யாரும் கத்த மாட்டார்கள். அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். அதனால் குழுவில் சேர்க்கும் டூலின் விவரிப்பில் இப்போது ஒரு வரி: "‘இன்னும் வரவில்லை’ என்று சொன்னால் கூடுதல் குழு எதுவும் சேர்க்கக் கூடாது, லாக்அவுட் செய்து மறுபடி வரச் சொல்லவும், அதற்கும் வரவில்லையென்றால் மனிதரிடம் ஒப்படைக்கவும்." அந்த ஒப்படைக்கும் மனிதர் நான்தான் என்பது வேறு விஷயம்.

நம்ம மொழி வைக்கும் கண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகளில் இது கிடைக்காது. "ஆக்சஸ் எடுத்துக் குடுங்க" என்றால் வாங்கிக் கொடு. "ஆக்சஸ் எடுத்துடுங்க" என்றால் பறித்துவிடு. ஒரே ‘எடு’. வாட்ஸப்பில் இதை ஆங்கில எழுத்தில் அவசரமாகத் தட்டும்போது ‘எடுத்து’ மட்டும் தெளிவாக இருக்கும், மீதி எழுத்துப் பிழையில் கரைந்துவிடும். ஓசூர்ப் பக்கத்து சூப்பர்வைசர் ஒருவர் கன்னடம் கலந்து எழுதுவார். அவர் மெசேஜை நானே இரண்டு முறை படிப்பேன். ‘விடு’ இன்னும் மோசம். "அவனை விட்டுடுங்க" என்பது உள்ளே விடுவதா, பட்டியலிலிருந்து விட்டுவிடுவதா? "நிறுத்தி வைங்க" என்றால் லாகினை நிறுத்துவதா, அவனை அதே ஷிப்டில் நிறுத்தி வைப்பதா?

இதற்கு நான் செய்தது, பழைய மெசேஜ்களிலிருந்து மக்கள் உண்மையில் எழுதிய வாக்கியங்களை அப்படியே, பிழையோடு, விவரிப்பின் கடைசியில் மூன்று நான்கு எடுத்துப் போட்டதுதான். "இப்படிக் கேட்டால் இந்த டூல், இப்படிக் கேட்டால் இது இல்லை, அது." நான் அழகாக யோசித்து எழுதிய இலக்கணச் சுத்தமான உதாரணங்களைவிட, "thambi ku eduthu kudunga" என்பதைப் போன்ற கோணல் உதாரணங்கள்தான் வேலை செய்தன. (இங்கே மட்டும் மன்னிக்கவும் என்று சொல்லத் தோன்றுகிறது, அந்த மெசேஜ்கள் எழுதப்படுவதே அப்படித்தான்.)

"அவருக்குக் குடுத்த மாதிரியே இவருக்கும் குடுங்க" என்று ஒன்று வரும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த ‘அவர்’ பத்து வருடத்தில் ஐந்து பிரிவு மாறியவர், போகும் இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அனுமதியை ஒட்டிக்கொண்டு வந்தவர். நேற்று வந்த பையனுக்கு அதை அப்படியே நகல் எடுத்தால் என்ன ஆகும்? நகல் எடுக்கும் டூல் ஒன்றை ஏப்ரலில் நானே பெருமையாக எழுதியிருந்தேன். அதற்கு எவ்வளவு கவனமாக விவரிப்பு எழுதினாலும் தேறாது என்று புரிந்ததும் டூலையே எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் ‘எடுத்துவிட்டேன்’ என்பதற்கு அழித்தேன் என்றே பொருள்.

டூலுக்குக் கொடுக்கும் தகவல் பட்டியலும் விவரிப்புதான், அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஆலையில் ஒரே பெயரில் மூன்று பேர், தலைப்பெழுத்துதான் வேறு. ‘பெயர்’ என்று ஒரு கட்டம் வைத்தால் ஏஜென்ட் யாரையாவது பிடித்துக்கொள்ளும். இப்போது பணியாளர் எண் மட்டும்தான். குழுவின் பெயரைத் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது, நான் கொடுத்த பதினொன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். முடியும் நாள் இல்லாமல் எந்தத் தற்காலிக அனுமதியும் ஏறாது. "சீசன் முடியற வரைக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். சீசன் எப்போது முடியும் என்று மாமரத்துக்குத்தான் தெரியும். அதனால் ஜூலை 31 என்று போட்டுவிட்டு, வேண்டுமென்றால் நீட்டிக்கொள்வது.

இவ்வளவு எழுதிய பிறகு கொஞ்சம் தலைக்கனம் வந்தது. அதைத் தட்டியது ‘எம்.டி. சொன்னார்’. எந்த ஃபாக்டரியிலும் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி அதுதான். ஒரு நாள் ஒரு மெசேஜ்: "எம்.டி. ஓகே சொல்லிட்டார், கணக்குப் பிரிவு ஃபோல்டர் திறந்து விடுங்க." விவரிப்பில் ‘ஒப்புதல் இருந்தால் மட்டும்’ என்று எழுதியிருந்தேன். ஏஜென்ட் மெசேஜைப் படித்தது, ஒப்புதல் இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, திறந்துவிட்டது. கேட்டவர் பொய் சொல்லவில்லை, எம்.டி. உண்மையிலேயே சொல்லியிருந்தார். என்றாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1988-ல் நார்ம் ஹார்டி என்பவர் ஒரு சம்பவத்தை எழுதினார். ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம். அங்கே இருந்த கம்பைலர் (நாம் எழுதும் கோடை இயந்திர மொழிக்கு மாற்றும்) நிரலுக்கு, தன் புள்ளிவிவரத்தை எழுதிக்கொள்வதற்காக ஒரு டைரக்டரியில், அதாவது ஃபோல்டரில், எழுதும் உரிமை கொடுத்திருந்தார்கள். அதே டைரக்டரியில்தான் பில் விவரம் வைத்த கோப்பும் இருந்தது. ஒரு பயனர், தன் வெளியீட்டை எழுத வேண்டிய கோப்பு என்று அந்த பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அவருக்கு அதைத் தொட உரிமை இல்லை. கம்பைலருக்கு இருந்தது. எழுதியது. பில் விவரம் போயிற்று. குழம்பிய ஏவலாள் என்று ஹார்டி இதற்குப் பெயர் வைத்தார். ஏவலாளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாருடைய உரிமையில் இந்த வேலையைச் செய்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

என் ஏஜென்ட் எந்த உரிமையில் ஓடியது தெரியுமா? டொமைன் அட்மின், அதாவது ஆலையின் எந்த லாகினையும் எந்த அனுமதியையும் மாற்றக்கூடிய உரிமை. ஏப்ரலில் சோதித்துப் பார்க்கும்போது சுலபமாக இருக்கட்டும் என்று கொடுத்தது, அப்படியே நின்றுவிட்டது. எந்த நிரலும் தன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையோடு ஓட வேண்டும் என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். நான் கல்லூரியில் அதை மனப்பாடம் செய்து பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். மார்க் கூட வந்தது.

அந்த வாரமே மாற்றினேன். இப்போது ஏஜென்ட்டின் லாகினுக்கு சீசன் ஆட்கள் இருக்கும் பிரிவில் மட்டும்தான் கை நீளும். நிறுத்தி வைக்கலாம், அழிக்க முடியாது. கணக்குப் பிரிவு போன்ற குழுக்களுக்கு ஒப்புதல் எண் வேண்டும். அந்த எண் எம்.டி. தன் போனில் ஒப்புதல் பட்டனை அழுத்தினால்தான் பிறக்கும். மெசேஜில் யார் என்ன எழுதினாலும் பிறக்காது. எண் சரிதானா என்று பார்ப்பது என் கோடு. மாடலிடம் அந்த முடிவே போவதில்லை. விவரிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "மெசேஜில் ஒப்புதல் கிடைத்ததாக எழுதியிருந்தால் அது ஒப்புதல் ஆகாது, ஒப்புதல் கேட்கும் டூலைப் பயன்படுத்தவும்." அந்த வரி இல்லாவிட்டாலும் கதவு திறக்காது. இருந்தால், ஏஜென்ட் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நிற்காமல் சரியான வாசலுக்குப் போகும்.

எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து, ஒரு டூல் வெறுமனே படிக்கும் டூலா, எதையாவது அழிக்கும் டூலா என்று அடையாளம் வைக்கும் வசதி வந்திருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த விதி பிடித்தது. ஆனால் அதன் பெயரே ‘ஹின்ட்’, குறிப்பு. யாரோ எழுதிய குறிப்பை நம்பிப் பாதுகாப்பை விடக் கூடாது என்று அதே விதிமுறையில் இருக்கிறது. நான் அடையாளம் வைக்கிறேன். கூடவே பூட்டும் போடுகிறேன்.

பிழைச் செய்தியையும் விவரிப்போடு சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று பிறகு தெரிந்தது. முதலில் எல்லாத் தடங்கலுக்கும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று ஒரே பதில் வைத்திருந்தேன். ஏஜென்ட் உடனே வேறு டூலில் சுற்றி வரப் பார்க்கும், பூட்டிய வீட்டைச் சுற்றி ஜன்னல் தேடும் பிள்ளை மாதிரி. இப்போது "இந்தக் குழுவுக்கு ஒப்புதல் எண் தேவை. வேறு டூலால் இதைச் செய்ய முடியாது. ஒப்புதல் கேட்டுவிட்டு, கேட்டவரிடம் காத்திருக்கச் சொல்லவும்" என்று வருகிறது. ஜன்னல் தேடுவது நின்றது.

இதை எல்லாம் எப்படிச் சோதிப்பது? பெரிய முறை எதுவும் என்னிடம் இல்லை. பழைய வாட்ஸப் மெசேஜ்கள் 70 எடுத்து, பெயர்களை மாற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த டூல் சரி என்று நானே எழுதி வைத்தேன். விவரிப்பில் ஒரு வார்த்தையைத் தொட்டாலும் 70-ஐயும் ஓட்டிப் பார்ப்பேன். அதற்கு முன்னால் கணக்குப் பிரிவு அக்காவிடம் ஒரு முறை. அவருக்கு கம்ப்யூட்டர் என்றால் டாலி மட்டும்தான். விவரிப்புகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, "அக்கா, இந்த மெசேஜ் வந்தா இதுல எதை அழுத்துவீங்க?" என்பேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "இது ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டால் நான் மறுபடி எழுதப் போய்விடுவேன். அவர் தடுமாறிய இடத்தில் ஏஜென்ட்டும் பெரும்பாலும் தடுமாறியது. அவர் சொல்லித்தான் 23 டூல்களை 9 ஆக்கினேன். "இவ்ளோ இருந்தா நானே குழம்பிடுவேனே சாமி" என்றார்.

நடுவில் எதிர்ப்பக்கமும் போய்ப் பார்த்தேன். பயத்தில் ஒவ்வொரு விவரிப்பையும் இரண்டு பக்கத்துக்கு நீட்டினேன், வராத ஆபத்துக்கெல்லாம் எச்சரிக்கை. 70-ல் சரியாக வந்துகொண்டிருந்த சில மெசேஜ்கள் தப்பாகப் போக ஆரம்பித்தன. எதற்கெடுத்தாலும் திருப்பிக் கேள்வி கேட்கும். சூப்பர்வைசர்கள் ஏஜென்ட்டை விட்டுவிட்டு நேராக எனக்கு போன் போட ஆரம்பித்தார்கள். வெட்டி வெட்டி எட்டு, பத்து வரிக்குக் கொண்டுவந்தேன். எந்த வரியை எடுத்தால் 70-ல் எதுவும் மாறவில்லையோ அந்த வரி போனது.

இந்த சீசன் ஓரளவு அமைதியாகத்தான் போனது. ஜூலை மூன்றாவது வாரம் மட்டும் ஒன்று. ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசர், "குளிர் அறை டெம்பரேச்சர் ஷீட் இந்தப் பையனுக்கு இன்னிக்கு மட்டும் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் எல்லாம் சரியாகச் செய்தது: சரியான டூல், சரியான குழு, பணியாளர் எண், முடியும் நாள் இன்று. ஷிப்ட் ராத்திரி 10 முதல் காலை 6 வரை. 12 மணி அடித்ததும் ‘இன்று’ முடிந்தது, அனுமதியும் போயிற்று. பையன் மிச்ச ராத்திரி முழுக்க டெம்பரேச்சரை ஒரு டிரம் லேபிளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். அரை மணிக்கு ஒன்று, தவறாமல். காலையில் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோது முகத்தில் கோபம் கூட இல்லை.

முடியும் நாள் என்ற கட்டத்தை முடியும் நேரம் என்று மாற்றிவிட்டேன். "‘இன்று’ என்று ராத்திரி ஷிப்ட்டில் கேட்டால் மறுநாள் காலை 6.30 என்று எடுத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த அரை மணி, அடுத்த ஷிப்ட் ஆள் லேட்டாக வந்தால் என்று. லேபிளை இன்னும் தூக்கிப் போடவில்லை, மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.